சைகலின் பொம்மைத் தராசு

சைகல் தொக்தொபெகோவாவுக்கு நான் எழுபதாயிரம் சோம் தர வேண்டியிருந்தது. செப்டம்பர் எட்டாம் தேதி கொடுத்திருக்க வேண்டிய பணம். மார்ச் பத்தாம் தேதிதான் கொடுத்தேன். இடையில் போன ஆறு மாதமும் என் பையில் பணம் இல்லாமல் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தலாஸ் பள்ளத்தாக்கில் பீன்ஸ் வாங்கி விற்கிற ஜூமாதில் என்றால் துருக்கி வியாபாரிகளுக்குக்கூடத் தெரியும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினாறு வயதில் டிராக்டர் ஓட்டினேன். கூட்டுப்பண்ணை கலைந்து ஊரே கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, கடன் வாங்கிய நாற்பது மூட்டையோடு சந்தையில் உட்கார்ந்தேன். இன்று மூன்று கிடங்கு, பதினோரு லாரி. எங்கள் மாவட்டத்தில் 'ஜூமாதில் கிலோ' என்றே ஒரு பேச்சு உண்டு. கூடாது, குறையாது என்று அர்த்தம். இதெல்லாம் உண்மை, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் சொல்ல வந்தது என் கதை அல்ல. என்னால் ஒரு பெண் பட்ட பாடு.

சைகலின் அப்பா தலைநகர் பிஷ்கெக்குக்கும் தலாசுக்கும் நடுவே கணவாயில் பஸ் ஓட்டியவர். பனிச்சரிவில் சிக்கி ஒரு ராத்திரி முழுக்கப் பயணிகளைப் பாட்டுப் பாட வைத்துக் காப்பாற்றினார் என்பார்கள். அவர் போன பிறகு தாயும் மகளும்தான். சைகல் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு சம்பளத்தில் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு பிஷ்கெக் போய், ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் பாஷையைக் கற்றாள். அங்கேயே வேலையும் கிடைத்தது. அந்த நேரம் பார்த்துத் தாய்க்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. திரும்பி வந்துவிட்டாள். தையல் மிஷினை மேஜைக்குள்ளே மடக்கிவிட்டு அதன் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஊரிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினாள். மருந்துக்கடைக்கு ஒன்று, மாவு மில்லுக்கு ஒன்று, மாட்டு டாக்டருக்கு ஒன்று என்று புரோகிராம் எழுதிக் கொடுத்தாள்.

மருந்துக்கடைக்காரன்தான் என்னிடம் அவளைப் பற்றிச் சொன்னான். எங்கள் ஊரில் மூத்தவனைப் பைகே என்றும் மூத்தவளை ஏஜே என்றும் கூப்பிடுவோம். "அந்தப் பொண்ணு நூறு தடவ வேணும்னே தப்பா அழுத்திப் பாத்துட்டுத்தான் நம்ம கைல குடுக்கும் பைகே. சந்தேகத்துல பொறந்தது."

எனக்கு அப்படி ஒருத்தி தேவைப்பட்டாள். முப்பது வருஷமாக எடைமேடைச் சாவடியில் நான்தான் உட்காருவேன். என் கண்ணில் புரை விழுந்துவிட்டது. என்னிடம் வாங்குகிற துருக்கிக்காரன் வேறு, கையால் எழுதிய சீட்டு இனிமேல் ஆகாது, அச்சடித்துத்தான் தர வேண்டும் என்று நின்றான். எழுபதாயிரம் என்று பேசி முடித்தோம். ஆகஸ்ட் மாதம்.

முதல் நாள் எங்கள் வீட்டு விரிப்பில் உட்கார்ந்துதான் பேச்சு. என் மனைவி ஜூரா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சைகல் குடிக்கவே இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பைகே, தராச ஒரு தடவ நேர்ல பாக்கலாமா?"

"சீசனுக்கு முன்னாடி மேடையத் தொறக்கறதில்ல, பொண்ணே. பூட்டி வச்சிருக்கு."

உண்மைக் காரணம் வேறு. அந்த மேடை கலைந்துபோன கூட்டுப்பண்ணையின் தானியக் கிடங்கில் கிடந்தது. பழைய இரும்பு விலைக்கு வாங்கி, நீலப் பெயிண்ட் அடித்து, எண் காட்டுகிற பெட்டி ஒன்றைப் பின்னால் மாட்டினேன். பெட்டியின் மேல் ஜெர்மன் எழுத்துப் போட்ட ஒரு தகடு. அது ஒரு பழைய குளிர்ப்பெட்டியில் இருந்து நானே கழற்றி ஒட்டியது. ஊரில் எல்லாரும் அதை ஜெர்மன் தராசு என்று நம்பினார்கள். நானும் சொல்லிச் சொல்லி அப்படியே ஆகிப்போனேன்.

"தராசு இல்லாம எப்படி வேல பாப்ப?" என்று ஜூரா கேட்டாள்.

சைகல் விரிப்பில் இருந்த ரொட்டியை எடுத்தாள். நடுவில் அச்சுக் குத்திய வட்ட ரொட்டி. "ஏஜே, இந்தப் பூவு ஒரு அச்சால குத்தினது இல்லியா? ஜாவாஸ்கிரிப்ட்டுல கிளாஸ்னு ஒண்ணு உண்டு, அது இந்த அச்சு மாதிரி. அதுல குத்தி எடுக்கிற ஒவ்வொண்ணும் ஒரு ரொட்டி. நெசத் தராசுக்கு ஒரு அச்சு இருக்குன்னு வைங்க. அதே அச்ச வச்சு நான் மண்ணுல ஒரு ரொட்டி குத்திக்குவேன். பாத்தா அதே மாதிரி இருக்கும். என் புரோகிராம் அதுகிட்டப் போயி 'எடை எவ்ளோ?'ன்னு கேக்கும். நான் சொல்லி வச்ச பதில அது சொல்லும். எத்தன தடவ கேட்டாங்கன்னும் எண்ணி வச்சுக்கும். இரும்பு வேணாம், லாரி வேணாம், ஒக்காந்த எடத்துலயே சோதிக்கலாம்."

"மண் ரொட்டி பசிக்கு ஆகுமாடி?" என்று ஜூரா சிரித்தாள்.

"ஆகாது ஏஜே. அடுக்கிப் பழகத்தான் ஆகும். அதனாலதான் நெச ரொட்டி எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும்னு கேக்கறேன். நெசம் ஒரு மாதிரியும் பொம்ம ஒரு மாதிரியும் பேசினா, என் சோதன அத்தனையும் வீண்."

இத்தனை தெளிவாகச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஃபோனில் கேட்டாள். பெட்டிக்கான குறிப்புப் புத்தகம் இருக்கிறதா, ஒரு படம் எடுத்தாவது அனுப்ப முடியுமா என்று. தொலைந்துவிட்டது என்றேன். பன்னிரண்டாம் தேதி கிடங்கு வாசலுக்கே வந்துவிட்டாள். நான் ஏழெட்டு விவசாயிகளோடு நின்றுகொண்டிருந்தேன்.

"பைகே, ஒண்ணே ஒண்ணு. வண்டி ஏறினதும் எண்ணு கொஞ்ச நேரம் ஆடுமா, இல்ல ஒடனே நிக்குமா?"

அத்தனை பேர் முன்னால் என் தராசு ஆடுமா என்று ஒரு பெண் கேட்கிறாள்! "ஆடறதா? ஜெர்மன் சாமான்மா அது. சக்கரம் பட்ட நொடியே எண்ணு நிக்கும். ஜூமாதில் வார்த்த போதாதா ஒனக்கு?"

விவசாயிகள் தலையை ஆட்டினார்கள். சைகல் கீழே பார்த்தாள். "போதும் பைகே," என்றாள்.

எங்கள் பக்கத்தில் தாடி நரைத்தவனை ஒரு விஷயத்தில் மூன்று தடவை கேட்கலாம். நான்காவது தடவை கேட்டால் அவனைப் பொய்யன் என்று சொன்னதாக ஆகும். அவள் அப்படி வளர்ந்த பெண் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் அப்போது முழுப் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. முப்பது வருஷமாக வண்டி மேடை ஏறியதும் நான் கெட்டிலை எடுத்துக் கிண்ணத்தில் அரைக் கிண்ணம் தேநீர் ஊற்றுவேன். ஊற்றி, ஒரு வாய் குடித்து, அப்புறம்தான் எண்ணைப் பார்ப்பேன். பார்க்கும்போது எண் நின்றிருக்கும். அதற்கு முன்னால் அது என்ன ஆட்டம் ஆடியது என்று என் கண் பார்த்ததே இல்லை. கைக்குத் தெரிந்ததை வாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. அப்படி ஒரு சமாதானம் எனக்கு உண்டு. தகடு ஒட்டினதற்குத்தான் எந்தச் சமாதானமும் இல்லை.

செப்டம்பர் எட்டாம் தேதி சீசன் திறந்தது. முந்தின நாளே வந்து மேடையைப் பார்க்கிறேன் என்றாள். காலையில் வா என்றேன். காலையில் வந்தபோது வாசலில் இருந்து வாய்க்கால் பாலம் வரை வண்டி நின்றது. சாவடியில் கம்ப்யூட்டரை மாட்டிவிட்டு என் தம்பி மகனை உட்கார வைத்தோம். அவன் தேநீர் குடிப்பதில்லை. வண்டி ஏறியதும் பொத்தானை அழுத்தினான்.

ஏழாவது வண்டி பெய்ஷெனுடையது. கிசில்-அதிர் பக்கத்து ஆள், வாய்க்குப் பூட்டில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"ஜூமாதில், எம் பொண்டாட்டி ஒவ்வொரு மூட்டையா நிறுத்துப் பாத்துட்டு ஏத்தினா. அறுபது மூட்ட, மூவாயிரம் கிலோ. இதுல வண்டி எடையக் கழிச்சு ரெண்டாயிரத்து எண்ணூத்தி அறுபதுன்னு இருக்கு. நூத்து நாப்பது கிலோவ வழில காக்கா கொத்திக்கிட்டுப் போச்சா?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. பிறகு ஒவ்வொருத்தனாகத் தன் சீட்டை எடுத்துப் பார்த்தான். ஒருவனுக்கு எண்பது குறைவு, ஒருவனுக்கு நூற்றுப் பத்துக் குறைவு. ஒரே ஒருவன் மட்டும் சத்தம் போடாமல் சீட்டைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டான். அவனுக்கு இருநூறு கிலோ கூடுதலாக விழுந்திருக்கிறது என்று சாயங்காலம் தெரிந்தது.

"ஜூமாதில் கிலோ எளச்சுப் போச்சுடா!" என்று யாரோ கத்தினான்.

சைகல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "எங்கிட்ட எல்லாம் சரியா இருக்கு பைகே. நாப்பத்திரண்டு சோதனயும் பச்ச, எல்லாம் தேறியிருக்கு." சொல்லிக்கொண்டே சாவடிக்குள் எட்டி, எண் பெட்டியை முதல் முறையாகப் பார்த்தாள். ஒரு லாரி அப்போதுதான் ஏறியிருந்தது. 6310 என்று காட்டியது. 6170 என்றது. 6405. 6290. லாரியின் ஸ்பிரிங் அசைய அசைய எண்ணும் ஆடியது. அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

"பாத்தீங்களா? வீட்ல ஒரு பொம்மத் தராசு செஞ்சு, அத வச்சு சோதிச்சுட்டு வந்திருக்கா. மண் ரொட்டியத் தின்னுட்டு வயிறு நெறஞ்சுதுன்னு சொன்ன கத! இதுக்கு எழுபதாயிரமா? ஒரு சோம் கெடையாது, போ!"

அவள் என் வீட்டு விரிப்பில் உட்கார்ந்து சொன்ன ரொட்டியை எடுத்தே அவளை அடித்தேன். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. என் கிலோ பிழைத்தது.

அவள் சொல்லியிருக்கலாம். 'நீங்கதான ஆடாதுன்னு சொன்னீங்க' என்று ஒரு வார்த்தை. அன்று கேட்ட விவசாயிகளில் மூன்று பேர் அந்த வரிசையிலேயே நின்றார்கள். அவர்களும் சொல்லவில்லை. சைகல் லேப்டாப்பை மூடினாள். வயரைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"சரி பைகே. நீங்க சொன்னா சரி."

வரிசையாக நின்ற வண்டிகளை ஒட்டியே பாலம் வரை நடந்து போனாள். அன்று நான் மறுபடி சாவடியில் உட்கார்ந்து, தேநீர் ஊற்றி ஊற்றி, எல்லாருக்கும் சரியாக நிறுத்துக் கொடுத்தேன். நல்ல பெயர் வாங்கினேன்.

அவளுக்கு ஒரு பெயர் வந்தது. 'பொம்மத் தராசு.' பஸ்ஸில் அப்படிக் கூப்பிட்டார்கள், ரொட்டிக்கடையில் கூப்பிட்டார்கள். மருந்துக்கடைக்காரன் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டான். மாட்டு டாக்டர், "நம்ம புரோகிராம்லயும் பொம்ம மாடுதான் இருக்கோ என்னமோ" என்று சொன்னதாகக் கேள்வி. தாயின் மருந்துக்காக லேப்டாப்பையும் விற்றுவிட்டாள் என்று ஜூரா வந்து சொன்னாள்.

"அந்த எழுபதாயிரம் ஒன் பைல முட்டையா போடுது, கிழவா?"

"வியாபாரத்துல பொம்பள தலையிடாதே."

"வியாபாரமா இது? ஒரு தேநீர் ஊத்தற நேரம்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கலாம்ல நீ? அது வாய்ல வராதே. ஜெர்மன் மட்டும் வரும்." அவளுக்குத் தகடு விஷயம் தெரியும். குளிர்ப்பெட்டி அவள் சீதனம்.

நவம்பரில் பிஷ்கெக்கில் இருந்து ஏர்மெக் என்கிற பையனை வரவழைத்தேன். புரோகிராமைச் சரி செய்ய நாற்பதாயிரம் கேட்டான். சாவடியில் உட்கார்ந்து சைகல் எழுதியதையெல்லாம் திறந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தவன் சிரித்தான்.

"பைகே, இத எழுதினது யாரு? இங்க பொம்மத் தராசுக்கு மேல ஒரு குறிப்பு இருக்கு, படிக்கட்டுமா? 'ஆகஸ்ட் 12. எண் உடனே நிற்கும், ஆடாது என்று ஜூமாதில் பைகே சொல்கிறார். தராசை நான் பார்க்கவில்லை. மூன்று தடவை கேட்டேன். அவர் வார்த்தையை வைத்தே இதைச் செய்கிறேன்.'"

நான் கெட்டிலை எடுத்தேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் கிண்ணம் நிறைய ஊற்றிவிட்டேன்.

"கீழ இன்னொரு பொம்ம இருக்கு. இது ஆடற தராசு. 6300ங்கும், 6180ங்கும், கடைசில ஒரே எண்ண மூணு தடவ சொல்லும். மூணு தடவ சொல்ற வரைக்கும் புரோகிராம் பொறுத்திருக்குதான்னு ஒரு சோதன. அதுக்கு வேண்டிய வேலயையும் எழுதி முடிச்சிருக்கா. ஆனா எதையும் ஓட விடாம ஓரமா வச்சிருக்கா. ஏன்னும் எழுதியிருக்கா: 'மேடை பழசாக இருந்தால் இப்படித்தான் பேசும். பைகே ஜெர்மன் என்கிறார். நேரில் பார்த்ததும் இதைத் திறக்க வேண்டும்.'"

அவன் ஏதோ அழுத்தினான். ஒரு சிவப்பு வந்தது. அவள் ஓரமாக வைத்திருந்ததைச் சேர்த்தான். சிவப்பு பச்சையானது. வெளியே ஒரு லாரியை ஏற்றச் சொன்னான். எண் ஆடி, அடங்கி, நின்றது. சீட்டு வந்தது. சரியாக இருந்தது. மொத்தம் பத்து நிமிஷம். நாற்பதாயிரம்.

"வேல நான் பாக்கல பைகே, அந்தப் பொண்ணுதான் பாத்திருக்கு. எங்க இருக்கு அது? எங்க கம்பெனில சோதன எழுத ஆள் தேடிக்கிட்டிருக்கோம். இப்படித் தனக்குத் தெரியாதது எதுன்னு எழுதி வைக்கிற ஆளு கெடைக்கறதில்ல. மாசம் லட்சத்துக்குக் கொறையாது. வீட்லயே ஒக்காந்து பாக்கலாம்."

அவள் வீடு அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். சாவடி ஜன்னலில் இருந்து பார்த்தால் அந்தத் தெரு பாப்லார் மரங்கள் தெரியும்.

"கல்யாணமாகிக் கஜகஸ்தான் போயிருச்சு," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் தகடு சின்னது. இதுதான் பெரியது. அவன் அவளைப் பார்த்தால் மூன்று தடவை கேட்ட கதை வெளியே வரும். அவ்வளவுதான் என் பயம். அதற்காக ஒருத்தியின் சோற்றை மறைத்து வைத்தேன். பிப்ரவரியில் மனசு கேட்காமல் ஏர்மெக்குக்கு ஃபோன் செய்தேன். ஜனவரியிலேயே வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் பத்தாம் தேதி கோய்ச்சுமானிடம் சாக்கு வாங்கப் போனேன். அவன் எனக்குப் போட்டி வியாபாரி. அவன் கொட்டகையில் நீளமான மேஜைகளின் இரண்டு பக்கமும் முப்பது பெண்கள் உட்கார்ந்து பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். உடைந்தது ஒரு பக்கம், கறுத்தது ஒரு பக்கம், நல்லது வாளியில். கிலோவுக்கு இத்தனை சோம் என்று கூலி. கடைசி மேஜையில் தலைத்துணிக்கு மேல் தூசி படிந்து சைகல் இருந்தாள்.

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்தாள். எடை எழுதுகிறவள் உடனே பேனாவை எடுத்தாள். சைகல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு, நிக்கட்டும்."

எண் ஆடி அடங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். "இப்ப எழுது. கால் கிலோ கொறையுது, பரவால்ல, அதுதான் சரி."

நான் அந்த மேஜையை நோக்கி இரண்டு எட்டு வைத்தேன்.

கோய்ச்சுமான் பின்னால் வந்து தோளைத் தட்டினான். "என்ன ஜூமாதில், ஒன் ஜெர்மன்காரன் சௌக்கியமா? ஒன் பொம்மத் தராசு இப்ப எங்கிட்டதான் இருக்கு, பாத்தியா?" பெண்கள் சிரித்தார்கள். சைகல் திரும்பிப் பார்த்தாள். எழுந்து நின்று, "சலாம் பைகே," என்றாள். அந்த நிலைமையிலும் எழுந்து நின்றாள்.

"அது ஜெர்மன் இல்ல," என்றேன்.

"என்ன?"

"கூட்டுப்பண்ண மேடை. பழைய இரும்பு. தகடு எம் பொண்டாட்டி குளிர்ப்பெட்டில இருந்து கழட்டினது. எண்ணு ஆடும். வண்டி ஏறினா ஒரு கிண்ணம் தேநீர் ஊத்தற நேரம் ஆடும். இந்தப் பொண்ணு எங்கிட்ட மூணு தடவ கேட்டுச்சு. ஆடாதுன்னு நான் சொன்னேன். பொம்ம தப்பா பேசல. நான் சொன்னதத்தான் அது சொல்லுச்சு."

முப்பது பெண்களும் பொறுக்குவதை விட்டு நிமிர்ந்தார்கள். யாரோ ஒரு கிழவி மட்டும் "குளிர்ப்பெட்டியா!" என்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள். கோய்ச்சுமானுக்கு அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் பத்து வருஷத்துக்குப் போதும். சிரிக்கட்டும் என்று நின்றேன்.

"இன்னொண்ணும் இருக்கு சைகல். நவம்பர்ல பிஷ்கெக்காரன் ஒருத்தன் ஒன்ன வேலைக்குக் கேட்டான். மாசம் லட்சம். நீ ஊர்ல இல்லன்னு சொல்லிட்டேன். போன மாசம் கேட்டேன், எடம் போயிருச்சு."

அதுவரைக்கும் அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இதைக் கேட்டதும் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மாவ அப்ப ஆஸ்பத்திரில சேத்திருந்தேன்," என்றாள். அவ்வளவுதான்.

நான் சாக்குக்காக வைத்திருந்த பணத்தை உள்பையில் இருந்து எடுத்தேன். எல்லாம் ஐயாயிரம் சோம் தாள். "ரெண்டு லட்சம் இருக்கு. எல்லாத்தையும் வச்சுக்க."

"பேசினது எழுபதாயிரம் பைகே."

"நான் செஞ்சதுக்கு..."

"அதுக்கு வெல சொல்ல எனக்குத் தெரியல. எழுபதுக்குத் தெரியும். எண்ணிக் குடுங்க. சத்தமா எண்ணுங்க, அன்னிக்குச் சத்தமாதான சொன்னீங்க."

வலது கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். விரல் நுனியெல்லாம் வெடித்து, வெடிப்பில் பீன்ஸ் தூசி கறுத்துக் கிடந்தது. லேப்டாப்பில் வேலை பார்த்த கை. என் கண்ணில் புரை இருந்தும் அது தெரிந்தது.

முதல் தாளை வைத்தேன். "ஒண்ணு," என்றேன். "கேக்கல," என்றாள் முதல் மேஜைக்காரி. "ஒண்ணு!" என்றேன். "ரெண்டு. மூணு." முப்பது பெண்களும் கூடவே உதட்டை அசைத்தார்கள். ஏழில் ஒரு தாள் நழுவிப் பீன்ஸ் குவியலில் விழுந்தது. குனிந்து எடுத்து, ஊதி, மறுபடி ஏழு என்று வைத்தேன். பன்னிரண்டு. பதின்மூன்று.

பதினாலாவது தாளை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, என் கையை எடுத்துக்கொண்டேன்.